மாமாவால் திருத்த முடியாத மோட்டர்

எங்கள் மாமா திருத்தாத மெசின் தர்மபுரத்தில் இல்லை என்று சொல்வார்கள். நீரிறைக்கும் மெசின், உழவு மெசின், தையல் மெசின், கோயில் ஒலிபெருக்கி எல்லாமே அவர் கை பட்டதும் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கிவிடும். அவருக்குப் பணியாத மோட்டர் ஒன்றே ஒன்றுதான். அதுவும் தேங்காய்ச் சிரட்டை அளவில், அவர் ஊருக்குப் படம் காட்டும் சொந்தப் படமெசினிலேயே இருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அதைச் சொல்லிச் சொல்லி ஊரே அவரைக் கேலி செய்தது.

கொழும்பில் யாரோ வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போன அந்தப் படமெசினை மாமா எப்படியோ தேடிப் பிடித்து வாங்கியிருந்தார். வெள்ளியும் சனியும் பொழுதுபட்டதும் நெல் களஞ்சியத்து முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பாய் விரித்துப் பெண்கள். பின்னால் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் மெசின் இருக்கும். மேல் றீலில் இருந்து இறங்கும் படச்சுருள் வெளிச்சத்தைத் தாண்டி வந்து கீழ் றீலில் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கீழ் றீலைச் சுற்றும் மோட்டர்தான் ஒருநாள் படம் ஓடும்போதே நின்றுவிட்டது.

மாமா என் அண்ணாவைக் கூப்பிட்டு, கீழ் றீலைக் கையால் சுற்றச் சொன்னார். திரையில் சண்டை தொடங்கும்வரை அண்ணா ஒழுங்காகத்தான் சுற்றினான். பிறகு வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டான். இடியப்பம் பிழிந்துவிட்டதுபோலச் சுருள் காலடியில் குவிந்து, இரண்டு இடத்தில் அறுந்தும் போனது. இன்னொரு தரம் இப்படி நடந்தால் இனிப் படமே அனுப்பமாட்டேன் என்று யாழ்ப்பாணத்துப் படமுதலாளி சொல்லியனுப்பினார்.

மாமா பெரியப்பாவிடம் வந்தார். பெரியப்பா, அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்த அக்காவுடைய கணவர். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"படத்தில ஆசையில்லாத ஆள் ஒண்டு வேணும் அத்தான். மற்றவையை இருத்தினால் படத்தைப் பாத்துக்கொண்டு இருந்திடுவினம்."

பெரியப்பா தாடையைத் தடவினார். "அப்பிடியெண்டால் எங்கட சின்னவள் இருக்கிறாள்தானே. கொட்டிலுக்குள்ள இருந்து சுத்தட்டும். படம் பாக்கப் போறதுதான் சரியில்லை. வேலை செய்யிறதில என்ன?"

சின்னவள் என்றது என் சின்னம்மாவை. அம்மாவின் தங்கை. காணி கிடைத்து இங்கே வந்த அடுத்த போகத்திலேயே, வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன சித்தப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. அதன்பிறகு சின்னம்மா வெள்ளைச் சீலையோடு குசினிக்குள் அடுப்படியிலேயே இருந்தார். கலியாண வீட்டுக்கும் போவதில்லை, பொங்கலன்று முற்றத்துக்கும் வருவதில்லை. யாரும் அவரைத் திட்டியதோ தடுத்ததோ இல்லை. கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். அது பெரியவர்களின் பழக்கம் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை.

சின்னம்மா கொட்டிலுக்குள் ஒரு பெட்டியில் இருந்து கீழ் றீலைச் சுற்றினார். கொஞ்சம் வேகம் கூடினால் சுருள் அறும், குறைந்தால் சரியும். அவர் கையில் அது அறவும் இல்லை, சரியவும் இல்லை. இத்தனைக்கும் அவர் றீலைக் குனிந்து பார்த்ததே கிடையாது. முகம் திரைக்கு நேரே இருக்கும், கை தன்பாட்டில் சுற்றும். ஒருநாள் பகிடிக் காட்சி வந்தபோது, மெசின் சத்தத்துக்குள் யாரோ சிரிப்பது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா! அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாமாவின் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். மேசையில் அந்த மோட்டர் கிர்ரென்று அழகாக ஓடிக்கொண்டிருந்தது. மாமா அதை நிறுத்தி, பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே இருந்து, மோட்டருக்கு மின்சாரம் ஏற்றும் இரண்டு சின்னக் கரித்துண்டுகளை எடுத்து நெருப்புப்பெட்டிக்குள் போட்டு, பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஏன் மாமா எடுக்கிறியள்?"

"பூட்டியே வைச்சால் தேஞ்சுபோம் பிள்ளை. ஆருக்கும் சொல்லாதை."

நானும் புதுச் சிலேட்டுப் பென்சிலைத் தேயவிடாமல் ஒளித்து வைப்பவள்தான். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

ஆனால் ஊர்ச் சிரிப்பு பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மச்சானுக்கு வந்த வெட்கம் தனக்கும்தான் என்று, வவுனியாவில் இருந்து பெயர்போன ஒரு முஸ்லிம் மெக்கானிக்கைக் கையோடு வீட்டுக்கே கூட்டிவந்து, கையால் சுற்றுவது சின்னவள்தான் என்று சொல்லி மோட்டரைக் காட்டினார். காக்கா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். தேத்தண்ணீர் எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். குசினிக்குள் சின்னம்மா தேயிலை போடாமலே வெறும் சுடுதண்ணீரைக் கோப்பையில் ஊற்றித் தந்தார். நான் சொன்ன பிறகுதான் கோப்பையைப் பார்த்தார்.

நான் தேத்தண்ணீரோடு போனபோது காக்கா மோட்டரின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கரித்துண்டு இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மாமாவை நிமிர்ந்து பார்த்தார். மாமா குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே கதவோரம் வெள்ளைச் சீலையின் கரை தெரிந்தது. காக்கா மூடியைப் பூட்டிவிட்டுத் தேத்தண்ணீரை அவசரமில்லாமல் குடித்தார்.

"இதில ஒரு சாமான் இல்லை," என்றார் பெரியப்பாவிடம். "கொழும்பிலயும் லேசில கிடைக்காது. கையால சுத்துறதுதான் மெசினுக்கு நல்லம்."

இவ்வளவு தூரம் வந்த மெக்கானிக்குக்கும் விடை தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது என்று பெருமையாக இருந்தது. சொன்ன வாக்குக்காக வாயை மூடிக்கொண்டேன். குசினிக்குப் போய்ச் செய்தியைச் சொன்னபோது சின்னம்மா, "கொழும்பிலயும் கிடைக்காதாமோ?" என்று இன்னொரு தரம் கேட்டார். கண் கலங்கியிருந்தது. ஒரு மோட்டருக்காக இவ்வளவு கவலைப்படுகிறாரே, பாவம் என்று நினைத்தேன்.

அடுத்த அறுவடைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. றீல் மாற்றுவதற்காகப் படம் நின்றபோது, மாமா, சின்னம்மாவோடு நானும் இருந்த கொட்டிலுக்குள் பெரியம்மா மூச்சிரைக்க வந்தார்.

"தங்கச்சி, அந்தத் தாடிக்காரன் ஆர்? எங்களுக்கு ஒரு கோதாரியும் விளங்கேல்லை. நீ நேற்றும் பாத்தனிதானே, வந்து சொல்லு."

"இல்லையக்கா, றீல் சுத்தவேணும்."

"அதைத் தம்பி பாப்பான். எழும்பு நீ."

பெரியம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பாயில் இருந்த பெண்கள் நகர்ந்து, நடுவில் இடம் விட்டார்கள். முன்னால் கதிரையில் இருந்த பெரியப்பா திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா பெரியப்பாவின் முதுகைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தார். கரித்துண்டுகளைப் போட்டு மூடியைப் பூட்டி சுவிச்சைத் தட்டினார். மோட்டர் ஓடியது. கீழ் றீல் தன்பாட்டில் சுற்றியது. மாமா புறங்கையால் கண்ணைத் துடைத்தார். பல்ப் சூடு என்று நினைத்தேன்.

"இவ்வளவு நாளும் ஏன் மாமா போடேல்லை?"

"இப்பதான் பிள்ளை பொருந்துது."

முந்தி ஓடியதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேனே, அப்போது பொருந்தாதது இப்போது எப்படிப் பொருந்தியது? அது விளங்காமல், படம் முடியும்வரை மோட்டரின் பக்கத்தில் குந்தி, அதில் என்ன மாறியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். வெளியே பாயில் சின்னம்மா கதை சொல்லும் குரல் கேட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை.