விட்டுடு என்று அண்ணன் சொன்னது

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அண்ணன் குடியிருந்த அபார்ட்மென்டில், டிவிக்கு மேலே இருந்த தட்டில் ஒரு முழம் உயரத்துக்கு வெள்ளை ராக்கெட் ஒன்று நின்றிருக்கும். சந்திரனுக்கு ஆள் கொண்டுபோன ராக்கெட்டின் சின்ன நகல். நாங்கள் பிறப்பதற்கு முன்பே கடைக்கு வந்து, பிறகு தயாரிப்பே நின்றுபோன பிளாஸ்டிக் கிட். யாரோ ஒரு பெரியவர் பிரிக்காமலே வைத்திருந்த பெட்டியை வாங்கிவந்து, இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து ஒட்டினான். வெறும் அலங்காரப் பொம்மை இல்லை. அடியில் இன்ஜினைச் செருகிப் பட்டனை அழுத்தினால் நிஜமாகவே பறக்கும் என்றான். தூசி தட்டக்கூட என்னைத் தொட விடமாட்டான். "உன் கை ராட்சசக் கை, தள்ளி நில்லு" என்பான். எனக்கு இருக்கிற ஒரே அண்ணன், ஒரு பிளாஸ்டிக் குழாய்க்காக என்னை இப்படி விரட்டுவான்.

ஆனால் அதை அவன் ஒருநாளும் பறக்கவிட்டதில்லை. சின்னச் சின்ன ராக்கெட்டுகளை எல்லாம் சரமாரியாக விடுவான். ராக்கெட் கிளப்காரர்கள் கூடும் மைதானத்துக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் இதுவும் வரும், பின்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு. போன மாதிரியே திரும்பியும் வரும். "இன்னிக்குக் காத்து சரியில்ல" என்பான். "மூக்குக்குள்ள இன்னும் கொஞ்சம் களிமண் வைக்கணும், இல்லேன்னா நேராப் போகாது, தலைகுப்புறத் திரும்பிடும்" என்பான். இலைகூட அசையாத நாளிலும் இதே பாட்டுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பொண்ணு பார்க்கப் போனாலும் இப்படித்தான், ராக்கெட் விட வந்தாலும் இப்படித்தானா?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். சிரித்துக்கொண்டே அதைத் திரும்பவும் பின்சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டினான்.

போன குளிர்காலத்தில் தாம்பரம் வீட்டில் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கிரீன் கார்டு வரிசையில் நின்றவன், நாலே நாளில் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினான். வீட்டுச் சாவி என்னிடம். நூவர்க் ஏர்போர்ட்டிலிருந்து போன் வந்தது. "சோபாவ யாருக்காவது குடுத்துடு. சின்ன ராக்கெட்டெல்லாம் கிளப்புக்குக் குடுத்துடு. அந்தப் பெருச விட்டுடு. போர்டிங் கூப்பிடறாங்க, வச்சுடறேன்." அப்பாடா, கடைசியில் அதைப் பறக்கவிட இவனுக்கு மனசு வந்துவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்தது.

ஏப்ரலில் மகளையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கிளப்காரர்கள்தான் இன்ஜினைப் பொருத்திக் கொடுத்தார்கள். பட்டனை அழுத்தினேன். ஐயோ, என்ன வேகம்! உச்சிக்குப் போனதும் விரிய வேண்டிய பாராசூட் விரியவில்லை. எத்தனையோ வருஷமாக மடித்தே கிடந்ததில் ஒட்டிக்கொண்டுவிட்டது போல. விழுந்து சுக்குநூறாகிவிட்டது. துண்டுகளைப் பொறுக்கி க்ரோசரி பையில் போட்டுக்கொண்டேன். வருத்தம்தான், ஆனாலும் அவன் ஆசையை நிறைவேற்றிவிட்டோம் என்றிருந்தது. திரும்பி வரும்போது, நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் என் மகள் பின்சீட்டிலிருந்து கேட்டாள்: "அம்மா, மாமா மென்ட் லீவ் இட் அலோன், ரைட்?" அதைத் தொடாமல் அப்படியே விட்டு வை என்றுதானே மாமா சொன்னார் என்று கேட்கிறாள். ஹைவேயில் நாங்கள் திரும்ப வேண்டிய பிஸ்கட்டவே எக்ஸிட்டைத் தவறவிட்டேன்.

அன்றிலிருந்து குழப்பம்தான். தீபாவளிக்கு ராக்கெட் விடுவதும் விடுவதுதான். தொடாமல் விடுவதும் விடுவதுதான். குடுத்துடு, குடுத்துடு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு இதை மட்டும் விட்டுடு என்றால், இதைக் கொடுக்காதே என்றுதானே அர்த்தம்? அப்படியானால் காலி செய்கிற வீட்டில் எங்கே விட்டுவைப்பது? அவன் சொன்னதைப் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பத்தும் சரியாகத்தான் இருந்தது. ஒருநாள் வீடியோ காலில் "அந்தப் பெருசு?" என்றான். "விட்டுட்டேன்" என்றேன். "நல்லது" என்றான். நான் எதைச் சொன்னேன், அவன் எதைப் புரிந்துகொண்டான், கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவன் ஆசையாக வைத்திருந்த ஒரே பொருளை நான் உடைத்துவிட்டேனா, இல்லையா? அதைக் கேட்க வேண்டுமானால் உடைந்ததைச் சொல்லியாக வேண்டும். மாசக்கணக்கில் வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "அண்ணா, நான் அதைப் பறக்க விட்டுட்டேன். கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. அன்னிக்கு நீ என்னதான் சொன்ன?"

உள்ளறையில் அப்பா இருமுவது மட்டும் கேட்டது. "எனக்கே ஞாபகம் இல்லடி" என்றான். பிறகு, "நேராப் போச்சா?"

"நூல் பிடிச்ச மாதிரி போச்சுண்ணா."

"சாயவே இல்ல?"

"இல்ல."

இதையே நாலு தடவை சொல்லச் சொன்னான். நானும் சொன்னேன்.

"நானா இருந்தா விட்டிருக்கவே மாட்டேன்டி" என்றான். திட்டுகிறானா, நன்றி சொல்கிறானா, ஒன்றும் புரியவில்லை.

"கோவமாண்ணா?"

"தெரியலடி" என்றான். அதற்கப்புறம் இரண்டு பேருமே அழுதோம்.