கடைசி ஐந்நூறு மீட்டர்

நான் மாரத்தான் ஓடவில்லை. ஓடியதாக ஆம்பூரே நம்புகிறது, பேனர்கூட வைத்தார்கள். ஆறாவது கிலோமீட்டரில் மூச்சிரைக்க ஆட்டோ பிடித்தேன். முடிவுக் கோட்டுக்கு ஐந்நூறு மீட்டர் முன்னால் இறங்கி, போட்டோவுக்காக முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு கூட்டத்தில் கலந்தேன்.

குண்டு வெடித்தது முடிவுக் கோட்டில். வைத்தவர்கள் யார், எதற்கு என்பதைத் தொலைக்காட்சி உங்களுக்குச் சொல்லியிருக்கும். யோக்கியமாக ஓடியிருந்தால் அப்போது நான் இரண்டு மணி நேரம் பின்னால் இருந்திருப்பேன். எனக்கு முன்னால் போன பெண் முழுத் தூரமும் ஓடி வந்தவள். அவள் எழுந்திருக்கவில்லை.

என் இடது பாதம் சிதைந்துவிட்டது. அங்கிருந்த ஆஸ்பத்திரியிலேயே அதை எடுத்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள்.

"முட்டி இருக்குல்ல, செயற்கைக் கால் வெச்சு நல்லா நடக்கலாம்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து என் மனைவி விமலா முட்டிக்காக மட்டும் வேண்டிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் கட்டுக்குள்ளிருந்து ஒரு நாற்றம். எனக்குப் பழக்கமான நாற்றம். ஷூ கம்பெனியின் சாம்பிள் அறைக்கு வருமுன் பச்சைத்தோல் தரம் பிரித்தவன் நான். உப்பு ஏறாமல் கெட்ட தோலை மூக்காலேயே ஒதுக்குவேன். சொன்னால் முட்டி போய்விடுமே என்று சொல்லவில்லை. விமலா மூக்கைச் சுளித்தபோது பக்கத்துக் கட்டில் பெரியவரைக் கண்ணால் காட்டினேன்.

இரண்டு நாள் கழித்துக் குளிர்காய்ச்சல். செப்சிஸ் (ரத்தத்தில் பரவிய தொற்று).

"வாசன ஒண்ணும் தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சிது டாக்டர்."

"அப்பவே சொல்லியிருந்தா முட்டியக் காப்பாத்தியிருக்கலாம்."

விமலா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது பாதித் தொடை மிச்சம். இதைப் படுக்கையிலிருந்து படிப்பவர்களே, நாறினால் சொல்லிவிடுங்கள். வேறு அறிவுரை என்னிடம் இல்லை.

இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது (மாய உறுப்பு உணர்வு, வெட்டியதை மூளை ஒப்புக்கொள்ளாதது). கழிவறை பத்தடி தூரம். போய்த் திரும்புவதற்குள் காலை முடிந்துவிடுகிறது. செயற்கைக் கால் பொருந்தாமல் கட்டிலடியில் கிடக்கிறது.

போன வாரம் சாம்பிள் அறை நசீர் பாய் பையோடு வந்தார். வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்பும் சாம்பிளை வலது காலுக்கு மட்டுமே தைப்போம். ஜோடி இல்லாததை யார் போட்டுக்கொள்வது என்று எப்போதும் புலம்புவேன். அவரிடம் ஆட்டோ, நாற்றம், அந்தப் பெண் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

பாய் பையிலிருந்து ஒரு ஷூவை எடுத்து என் வலது காலில் மாட்டினார்.

"பேஜார் பண்ணிக்காதீங்க சார். ஒத்த ஷூ எதுக்கும் ஒதவலன்னு இத்தினி வருஷமா பொலம்புனீங்களே, இப்ப ஒதவுது பாருங்க."