தறியை நிறுத்திக் கேட்ட கிட்டார்

என் கணவருக்குப் பாட்டு வராது. தாளம் போடச் சொன்னால் பஸ்ஸைத் தட்டி நிறுத்துகிற கண்டக்டர் மாதிரி தட்டுவார். ஆனாலும் என் கிட்டாருக்கு நல்ல சத்தம் வந்தது அந்த மனுஷரால்தான்.

நான் துடியலூர்க்காரி. வாழ்க்கைப்பட்டது பல்லடத்தில், விசைத்தறிக்காரர் வீட்டில். எனக்குச் சர்ச், அவருக்குக் குலதெய்வம் என்று ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் இருக்கிறோம். ஞாயிறானால் என்னைக் கோவையில் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடிகிறவரை எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார். உள்ளே பாடகர் குழுவில் நான் கிட்டார் வாசிப்பேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அது என் இடம்.

ஆசைப்பட்டு, கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஒரு பழைய வால்வு ஆம்ப் வாங்கினேன். இடுப்பில் தூக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவு சின்னப் பெட்டி. வீட்டில் வாசித்துப் பார்த்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மந்தமாக இருந்தது.

"ஏனுங்க, இதுல ஒரு கூர்மையே இல்லீங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கே பெட்டியைக் கழற்றிவிட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கிற கரண்ட் தங்கியிருக்கும். அதை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தார். ஸ்பீக்கரை மாற்றினார். வால்யூம் குமிழில் ஒரு சின்னக் கண்டென்சரை வைத்து ட்ரெபிளை, அந்தக் கூரான மேல்சத்தத்தை, தூக்கினார். நான் கம்பியைத் தொட்டதும் சத்தம் கணீரென்று எழுந்தது. இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்த்தால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. எவர்சில்வர் தட்டில் முள்கரண்டியால் கீறுகிற சத்தம். போதாக்குறைக்கு, எல்லோரும் கண்மூடி மௌனமாக ஜெபித்த நேரத்தில் பெட்டி மட்டும் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தது. முதல் பெஞ்சுப் பெண்கள் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

குழுத் தலைவர் தன்மையானவர். "வாசிப்புல ஒரு குறையும் இல்லீங்க. அந்தப் பெட்டிதான் காதைக் கிழிக்குது. வர்ற சனிக்கிழமை ப்ராக்டிஸ்லயும் இப்படியே இருந்துச்சுன்னா, ஈஸ்டருக்குக் கீபோர்டு மட்டும் போதுமுங்க" என்றார். டீக்கடையில் இருந்த கணவரிடம் அதை அப்படியே சொன்னேன். அந்த இடமும் போய்விட்டால் எனக்கென்று என்ன இருக்கிறது?

இரண்டு நாள் அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தறிக்குடோனிலிருந்து வேகமாக வந்தார்.

"அம்மணி, பெட்டி மேல தப்பில்ல. நாம தறிச்சத்தத்துக்குள்ள வெச்சுக் கேட்டுல்ல எல்லாத்தையும் செஞ்சுபோட்டோம்!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப்பக்கம் தறி. இடதுபக்க வீட்டில் தறி, வலதுபக்க வீட்டில் தறி. அந்த இரைச்சலை மீறிக் கேட்கிற சத்தத்தைத்தான் நல்ல சத்தம் என்று நம்பியிருக்கிறோம். கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் ஆம்பும் செத்துவிடும். தறிக்கு லீவு ஞாயிறு ஒருநாள். சனிக்கிழமைக்கு முன்னால் ஞாயிறு வராது.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் தறிகளை நிறுத்தினார். இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய், "கொஞ்ச நேரம் நிறுத்துங்க, அவசரமுங்க" என்று மட்டும் சொன்னார். காரணத்தைச் சொல்லக் கூச்சம். எங்கள் தெருவில் ஓடுகிற தறியைச் சாவுக்குத்தான் நிறுத்துவார்கள். எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள்.

"ஆருங்க தவறிப்போனாங்க?"

"ஆரும் இல்லீங்க" என்றார் இவர், காது சிவக்க. "அம்மணி வாசிக்கறதக் கேக்கோணும்."

வந்தவர்கள் அப்படியே வாசலில் நின்றுவிட்டார்கள். நான் வாசித்தேன். அந்தக் கீறலையும் முனகலையும் முதல்முறையாக எங்கள் வீட்டிலேயே கேட்டோம். அவர் கண்டென்சரை வெட்டி எறிந்தார். வால்வுக்குப் போகிற கரண்ட் ஒயர், கிட்டார் ஒயரை உரசிக்கொண்டு கிடந்தது. அதை முறுக்கி மூலைக்குத் தள்ளினார். பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டினார். மறுபடி வாசித்தேன். முனகல் இல்லை. தடித்த, இதமான சத்தம், பெட்டி தானே பாடுகிற மாதிரி.

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"இத்தன வருசமா இதயா அம்மணி வாசிச்சுட்டு இருந்த?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், "இன்னொண்ணு வாசிக்கச் சொல்லுங்க, தறி கெடக்குது" என்றார்.

சனிக்கிழமை ப்ராக்டிஸ் முடிந்ததும் குழுத் தலைவர் பெட்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். ஈஸ்டருக்கு முதல் பாட்டே கிட்டாரில் ஆரம்பிக்கட்டும் என்றார். "எந்தக் கடையிலங்க குடுத்துச் சரி பண்ணுனீங்க?"

"கடையில இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு தறிய நிறுத்திச் சரி பண்ணுனாருங்க."

குழுத் தலைவர் டவுன்காரர், சும்மா தலையாட்டினார். பல்லடத்துக்காரர் ஒருத்தர் அங்கே இருந்திருந்தால், எழுந்து போய் எதிர் டீக்கடையில் என் கணவர் கையைப் பிடித்திருப்பார்.