ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பக்கம்

எங்கள் குடும்பத்தில் நாலைந்து பேருக்குப் பூனைக்கண். வெள்ளைக்காரர் காலத்தில் நெடுந்தீவில் குதிரை வளர்த்த ஓர் ஐரிஷ் துரையின் வழி என்பார்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரே வெளிநாட்டுக்கு வழி தேட, நான் அந்தத் துரையைத் தேடினேன். அவரை நிரூபித்தால் அயர்லாந்துக்கு விசா கிடைக்கும் என்று நம்பினேன்.

எங்கள் தீவு மாதா கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பங்குச் சுவாமியார் என் முன்னால் வைத்தார். "ஆறுதலாப் பாரும், அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். துரையின் பெயரும் பிள்ளையின் பெயரும் ஒரே வரியில் இருந்தன. விசாவுக்கு மூலத்தாளே வேண்டும் என்று எவரோ சொல்லியிருந்தார்கள். கொண்டுபோயிருந்த பிளேடால் அந்தத் தாளை அறுத்தெடுத்தேன்.

கொழும்பு விசாக் கந்தோரில் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. அவ்வளவு பழைய உறவு செல்லாது என்றார்கள்.

பிறகு சண்டை வந்து தீவைவிட்டு வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணத்தில் ஓர் அகதி முகாமில் சுவாமியாரைக் கண்டேன். மாற்றுடுப்பைக்கூட விட்டுவிட்டு, அந்தப் பதிவேட்டை மடியில் வைத்தபடி வள்ளத்தில் வந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் வாடியது.

"தம்பி, உம்மட துரையின்ர பக்கத்தைக் காணேல்லை. வள்ளத்தில கடலுக்கை விழுந்திருக்கும். நான்தான் கவனிக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளும்."

தாள் என் தோள்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். வெட்கம்கூட வரவில்லை. கை அசையவில்லை, அவ்வளவுதான்.

"பரவாயில்லை சுவாமி" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

இதை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அவருடைய குரல்தான் வருகிறது.