ஒண்ணும் விடாமல்

எனக்கு வாய் அதிகம். வெள்ளறடையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் யாராக இருந்தாலும், இறங்குவதற்குள் அவருடைய மருமகளின் குணம் வரைக்கும் எனக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட நான் சைகை மொழிபெயர்ப்பாளர் ஆவதற்கு நகரத்தில் படிக்கச் சேர்ந்திருக்கிறேன் என்றதும், அம்மா சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"வாய மூடிட்டு கைய ஆட்டுத படிப்பாக்கும். ஒனக்கு கை வரும் மக்கா. வாய மூடத் தெரியுமா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கை சீக்கிரமே பழகிவிட்டது. முகமும் பழகியது, சைகை மொழியில் பாதிப் பேச்சு முகத்தில்தான். ஒருவர் எரிச்சலோடு சொன்னதை நாமும் எரிச்சல் முகத்தோடுதான் சொல்ல வேண்டும். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பயிற்சி செய்வதைப் பார்த்து, எதிர் சீட்டுக்காரர்கள் எழுந்து வேறு இடம் தேடிப் போயிருக்கிறார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது விதிகள்தான். பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். எதையும் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. முக்கியமாக, எங்களுக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்கவே கூடாது. அபிப்பிராயம் சொல்லாமல் நான் ஒரு சாயா கூடக் குடித்ததில்லை.

இரண்டாம் வருடம் வெளியே போய் நிஜமான ஆட்களுக்கு மொழிபெயர்த்துப் பழகச் சொன்னார்கள். எனக்கு வாய்த்தவள் எங்கள் ஊர்த் தையல்கார அக்கா. பிறவியிலேயே காது கேட்காது. அண்ணன் வீட்டுப் பின்னறையில், ரப்பர் ஷீட் காயும் கொடிக்குப் பக்கத்தில் மெஷின் போட்டிருந்தாள். பனச்சமூடு ஜங்ஷனில் ஒரு கடை வாடகைக்கு எடுத்து, வாசலில் தன் பேரில் போர்டு வைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்கு ஒரு வழியும் வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைக்கும் வேலை எங்கள் அயல்கூட்டத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் குழுவுக்குக் கிடைத்திருந்தது. தைக்க யாரிடம் கொடுப்பது என்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவதாக ஏற்பாடு. போட்டிக்கு இன்னொருத்தியும் இருந்தாள். அவள் அம்மாவின் உயிர்ச் சிநேகிதி.

கூட்டத்துக்குப் போகும் முன் அக்கா என்னை நிறுத்தி வைத்துக் கையால் சொன்னாள்: "எனக்க அண்ணனும் மொழிபெயர்ப்பான். பத்துப் பேரு கூடி அரைமணி நேரம் பேசுவாங்க. என்னதுன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, பெறகு சொல்லுதேன்' என்பான். அந்தப் பெறகு இண்ணைக்கு வரைக்கும் வரல்ல. நீ ஒண்ணும் விடப்பிடாது. விட்டா, ஒன்னய இனி கூப்பிட மாட்டேன்."

குழுத் தலைவி வீட்டு முன்னறையில் அம்மா உட்படப் பெண்கள் கூடினார்கள். அவித்த மரச்சீனிக் கிழங்கும் தொட்டுக்கொள்ள முளகுச் சம்மந்தியும் வந்தன. நான் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "பேசுகவங்க எல்லாரும் அக்காவப் பாத்துப் பேசணும், என்னப் பாக்கண்டாம்" என்று பாடத்தில் படித்தபடி சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

முதலில் விலையும் துணியும் பேசினார்கள். என் கை அருமையாக ஓடியது. அப்போதுதான் அம்மா தனக்கு அடுத்து இருந்தவள் பக்கம் சாய்ந்தாள். சாய்ந்தாளே தவிரக் குரலைத் தாழ்த்தவில்லை. தையல்கார அக்கா இருக்கும் இடத்தில் எங்கள் ஊரில் யாருமே குரலைத் தாழ்த்துவதில்லை.

"பாவந்தான். ஆனா பாவம் பாத்து இவகிட்ட குடுத்தா அனுபவிக்கது நாமளாக்கும். டீச்சர்மாரு வந்து பட்டன மாத்தணும்னு சொன்னா, இவளுக்க முன்னால நிண்ணு யாரு கைய ஆட்டுவா?"

என் கை அந்தரத்தில் நின்றது. பெற்ற தாய். ராத்திரி சோறு போடுகிறவள். அக்கா புருவத்தை உயர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஒண்ணுமில்ல' என்று காட்ட ஒரு கை போதும். நான் இரண்டு கையையும் தூக்கி, பாவத்திலிருந்து பட்டன் வரைக்கும், அம்மாவின் உதட்டுச் சுழிப்பு உட்பட அப்படியே சொன்னேன்.

"எட்டி, எனக்க மூஞ்சிய வச்சு பழிப்புக் காட்டுதியா?" என்றாள் அம்மா.

அதையும் சொன்னேன்.

"அய்யோ, இத சொல்லாத மக்கா!"

அதையும் சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருத்திக்கு மரச்சீனி புரையேறியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை எழுந்தது. அவள் கை பேசப் பேச என் வாய் பேசியது.

"எனக்கு பாவம் வேண்டாம், யூனிஃபார்ம் வேணும். எத்தன வருசமா எனக்கிட்ட பிளவுஸ் தைக்கீங்க? கழுத்து எறங்கப்பிடாது, கை முட்டு வரைக்கும் வரணும், எல்லாம் கையாலதானே சொன்னீங்க? அண்ணைக்கு எனக்குப் புரிஞ்சது, இண்ணைக்குப் புரியாதா?"

பெற்ற மகளின் வாயிலிருந்து இதையெல்லாம் கேட்டதும் அம்மா என்மேல் பாய்ந்தாள்.

"எட்டி, நீ எனக்க மகளா இல்லியா?"

அதையும் கையால் சொன்னேன். அக்காவின் பதில் உடனே வந்தது. என் வாய்தான் அதைச் சொன்னது: "இப்பம் இவ உங்க மக இல்ல. எனக்க வாயாக்கும்."

அம்மா என்னை முறைத்தாள். முறைத்துப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்ததும் மெல்லத் திரும்பி, அன்றைக்கு முதல் முறையாக அக்காவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள்: "பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முந்தி தச்சு முடிப்பியா?"

முடிப்பேன் என்று அக்கா தலையசைத்தாள். அக்காவிடம் கொடுக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றாள் தலைவி. ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. கடைசியாக, சிநேகிதியைப் பார்க்காமல், அம்மாவும் கையைத் தூக்கினாள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது அக்கா வாசலில் என்னிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பாதி வழி வரைக்கும் உம்மென்று நடந்த அம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"என்னவாக்கும் சொன்னா?"

ஒண்ணுமில்ல என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, உள்ளதைச் சொன்னேன். "அம்மைக்கு அடுத்த பிளவுஸுக்கு பழைய அளவு பிளவுஸக் குடுத்து விடண்டாமாம். அது இறுக்கமா இருக்காம். நேர்ல வரணுமாம்."

மறுநாள் அம்மா கிளம்பினாள். என்னையும் கூட்டிக்கொண்டு போவாள் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். தனியாகவே போனாள். போனவள் வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தாள், தனக்குத்தானே சிரித்துக்கொண்டு.

"இவ்வளவு நேரம் என்ன பேசுனீங்க?"

"ஒண்ணுமில்ல மக்கா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என்னை விட்டுவிட்டு இரண்டு பேரும் அங்கே என்னத்தைச் சிரித்திருக்கிறார்கள்! "ஒண்ணும் விடாம சொல்லணும், இப்பமே சொல்லணும்" என்று கத்தினேன். அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கி, கையாலேயே சொல்ல ஆரம்பித்தாள்.

முக்கால்வாசி தப்பு. திருத்த என் வாய் துடித்தது. மூடிக்கொண்டு பார்த்தேன்.