சேம்புப் பெட்டியில் ஊற்றிய பால்

யானைக்காது போல் இலை விரிக்கும் அந்தச் சேம்பு என் மனைவியினுடையது. சோலோதுர்னில் வசிக்கும் தோழி கொடுத்த ஒற்றைக் கிழங்கை அவள் ஒன்பது ஆண்டுகளாகக் காத்து வந்தாள். தோழியிடமிருந்த செடி பின்னர் பனியில் அழிந்துபோனது. வரும் வைகாசியில் ஒரு கன்றாவது திருப்பித் தருவதாக மனைவி வாக்களித்திருந்தாள்.

நாங்கள் குடியேறிய இந்தப் பனிநாட்டின் குளிரைச் சேம்பு தாங்காது. ஐப்பசியில் இலைகளை வெட்டி, கிழங்கைத் தோண்டிக் காயவைத்து, மரத்தூள் நிரப்பிய பெட்டியில் இட்டு, கட்டடத்தின் அடியில் எங்களுக்குரிய கெல்லர் எனும் நிலவறையில் வைப்போம். அந்த ஆண்டு அவளுடைய முழங்கால்கள் அந்தப் படிகளுக்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே பொறுப்பு என்னுடையதாயிற்று.

"ஒரு துளி தண்ணியும் படக்கூடாது. விளங்குதோ?" என்றாள்.

"ஓம், ஓம்" என்றேன்.

வெள்ளிதோறும், நாங்கள் வசிக்கும் ஓர்லிகோனிலிருந்து ரயிலேறி அட்லிஸ்வில் முருகன் சந்நிதிக்குப் போவேன். பாலபிஷேகத் தீர்த்தத்தைச் சிறு போத்தலில் கொண்டுவருவேன். பருகி மிஞ்சியதைக் கால்படும் இடத்திலோ கழிவுக்குழாயிலோ ஊற்றலாகாது. கோடையில் பால்கனிச் சேம்பின் அடியில் ஊற்றி வந்தேன். மாரிக்குளிரில் போத்தலோடு கெல்லருக்கு இறங்கினேன். அவள் தண்ணீரைத்தான் விலக்கினாள், தீர்த்தத்தை அல்ல என்று எனக்கு நானே வாதிட்டுக்கொண்டேன். பதிகம் பாடியபடி இருட்டிலேயே மரத்தூளின்மீது ஊற்றுவேன். ஒருநாளும் கிளறிப் பார்த்ததில்லை.

பங்குனியில் கட்டடக் காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் தட்டினார். பெட்டியைச் சமையலறைக்குத் தூக்கி வந்து மூடியைத் திறந்தேன். புளித்த பாலும் அழுகிய மாமிசமும் கலந்தாற்போன்றதொரு நாற்றம் எழுந்தது. மரத்தூள் கூழாகி, அதன்மேல் சாம்பல்நிறப் பூஞ்சணம் மயிர்போல் படர்ந்திருந்தது. தாய்க்கிழங்கைத் தொட்டேன், விரல் உள்ளே போயிற்று. உள்ளே புழுக்கள் நெளிந்தன. பாத்திரம் கழுவும் தொட்டியில் குனிந்து வாந்தியெடுத்தேன்.

"தண்ணி விட்டனீங்களோ?" என்று பின்னால் நின்ற மனைவி கேட்டாள்.

"தண்ணி விடேல்லை."

"அப்ப என்னத்தை விட்டனீங்கள்?"

"தீர்த்தம்."

"பாலோ! இஞ்சருங்கோ, கிழங்கு முருகன்ரை பால், கடைப்பால் எண்டு பார்த்தோ அழுகும்? மரத்தூளைவிட உங்கடை மூளையெல்லோ கூடப் புளிச்சிருக்கு!"

இவ்வுடல் புழு மலிந்த கூடு, சீழ் ஒழுகும் தோற்பை என்று பாடும் பாடல்களைக் கண்ணீர் மல்க ஐம்பது ஆண்டுகள் ஓதியவன் நான். அந்தச் சொற்களுக்கு உரிய நாற்றத்தை அன்றுதான் முகர்ந்தேன். என் கண்ணீர் அத்தனையும் இசைக்கு உருகிய கண்ணீரே என்று தோன்றியபோது, பெட்டியைவிட என்மீதே அருவருப்பு மிகுந்தது.

அவள் கையுறை அணிந்து கத்தியை எடுத்தாள். நான் கிழங்கை வெறுங்கையால் பிடித்தேன். சேம்பின் சாறு முழங்கைவரை அரித்தது. பக்கக் கிழங்குகள் மூன்று இருந்தன. இரண்டு, பெருவிரல் அழுத்தியதும் பிதுங்கின. மூன்றாவது, எலுமிச்சையளவு, இறுகி நின்றது. பழுப்பு மறைந்து வெள்ளைச் சதை தெரியும்வரை சீவினாள். நுனியில் இளஞ்சிவப்பாய் ஒரு முளை இருந்தது.

"கறுவாத்தூளைக் கொண்டாங்கோ. திருநீறு வேண்டாம்."

பூஞ்சணம் பிடிக்காதிருக்க வெட்டுவாயில் அந்தப் பட்டைத்தூளைப் பூசி, மூன்று நாள் காயவைத்து நட்டாள். அதற்கு நீர் வார்க்க என்னை அவள் விடவில்லை.

வைகாசியில் முதல் இலை விரிந்தது. எஞ்சியது ஒரே செடி. பிரிக்கத் தக்க பக்கக் கிழங்கு இல்லை. வைத்துக்கொள்வாள் என நினைத்தேன். அவள் தோழிக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "நாளைக்கு வாறம். முழுச்செடியையும் கொண்டு வாறன். வச்சிருக்க எங்கடை வீடு சரிவராது."

ரயிலில் செடித்தொட்டி என் மடியில் இருந்தது. பச்சை இலை என் தாடையைத் தொட்டபோதெல்லாம் எனக்கு அந்தப் புளித்த வாடை அடித்தது. சோலோதுர்ன் வரும்வரை முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன். எதிரே அமர்ந்திருந்த மனைவி இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.