கடைசியாக நீண்ட கை

மேடைதோறும் பேய் இல்லை என்று முழங்கியவன் நான். சுடுகாட்டில் அமர்ந்து சோறு உண்டு காட்டியவன். பேயோட்டும் உடுக்கைக்கு எதிரே நின்று துண்டறிக்கை வழங்கியவன். இப்போது எழுதப்போவதை வேறொருவர் சொல்லியிருந்தால், நம்ப மறுக்கும் முதல் ஆள் நானாகவே இருந்திருப்பேன். ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. சென்ற ஐப்பசியில், பொம்மிடிக்கு அப்பால், சித்தேரி மலை கண்ணுக்குத் தெரியும் ஒரு வெளியில்...

அங்கே ஒரு போதை மீட்பு இல்லம் இருந்தது. முன்பு பட்டுப்புழு வளர்த்த நீண்ட தகரக் கொட்டகை. சிறு குற்றங்களில் சிக்கிய, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை இளைஞர் நீதிக் குழுமம் சிகிச்சைக்காக அங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. பெரும்பாலோர் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் பிழிந்து முகர்ந்து பழகியவர்கள். போதை ஒரு நோய். நோய்க்கு வேண்டியது மருந்து, பூட்டல்ல. அதைப் பேசத்தான் சென்றேன். என்னை அழைத்த இல்லத்திலேயே ஒரு பூட்டு தொங்கியது.

கொட்டகையின் கோடியில் ஓர் அறை. வெளியே தாழ். உள்ளிருந்து ஓசை.

தட்... தட்... தட்...

“யார் உள்ளே?”

“பிரவீனுங்க. ஆரோக்கிய பிரவீன்,” என்றார் கண்காணிப்பாளர் மாதப்பன். “நாளைக்குக் குழுமத்துல ஆஜராவணும். சுத்தமா இருக்கான்னு நான் ஒரு வார்த்த சொன்னா வூட்டுக்கு அனுப்பிருவாங்க. மத்தியானம் கைய மோந்து பாத்தா, சொல்யூஷன் வாசம்! இழுத்திருக்கான்.”

“விடாமல் தட்டுகிறானே?”

“நடிக்கிறானுங்க சார். உள்ள போட்டா எல்லாப் பயலும் இப்படித்தான்.”

கை முகர்வது அந்த இல்லத்தின் வழக்கம். சோற்றுக்கு முன் பிள்ளைகள் சிவப்புச் சோப்பில் கை கழுவி, வரிசையில் நின்று உள்ளங்கையை நீட்டுவார்கள். எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பசையின் வாசம் போகாது என்பது மாதப்பனின் நம்பிக்கை. ஆய்வகமில்லை, மருத்துவரில்லை. ஒரு மூக்கு தீர்ப்பெழுதியது!

மாலையில் பேசத் தொடங்கினேன். மழை தகரத்தில் இறங்கியது; அதனூடே அந்தத் தட்டலும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் உற்சாகமாகத்தான் இருந்தார்கள்.

“சார், எங்க மாதப்பன் சாரு மூக்குக்கு போலீஸ்லயே வேல குடுத்திருக்கணும் சார்! நாயெல்லாம் ரிட்டேர் ஆயிருக்கும்!” என்றான் ஒருவன். மாதப்பனும் சிரித்துவிட்டார்.

“பேயின்னு ஒண்ணு இல்லீங்களா சார்?” என்றான் அடுத்தவன்.

“இல்லை. உங்களைப் பிடித்திருப்பது பேயல்ல, ஒரு சொல்யூஷன் டியூப்!”

கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் அதே பையன் கேட்டான்:

“அப்ப, அந்த ரூம்ல ஆளே இல்லாதப்பவும் தட்டுதே... அது யாருங்க சார்?”

“எலி.”

“எலிக்குக் கை இருக்குதுங்களா சார்?”

எவரும் சிரிக்கவில்லை. மாதப்பன்கூட.

ஆறு நாற்பதுக்கு மின்சாரம் போயிற்று.

மலையடிவாரத்து மழை இருட்டு அது. பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியவில்லை. “வரிசைல நில்லுங்கடா!” என்று மாதப்பன் குரல் கொடுத்தார். பிறகு என்னிடம், “வெளியாளு வந்தா அவங்கதான் கை பாக்கறது வழக்கமுங்க. நீங்களே பாத்துருங்க சார். இருட்டுனா என்ன, மோந்து பாக்கக் கண்ணு எதுக்கு?” என்றார்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. பிள்ளைகளை வைத்து இப்படியொரு சடங்கா? ஆயினும் பார்த்தேன். ஒரு கை; சோப்பு வாசம். அடுத்த கை, சோப்பு வாசம். சுவரோரமாக நடந்தேன். கைகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் சூடான, ஈரமான, உயிருள்ள கைகள்.

வரிசை முடிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இன்னொரு கை நீண்டது.

குளிர்ந்திருந்தது. விரல்களில் பசை காய்ந்து பிசுபிசுத்தது. குனிந்தேன். சொல்யூஷன்... மூக்கில் ஏறித் தொண்டையில் எரிந்தது.

“யாருப்பா நீ?”

“நான் இழுக்கலீங்க சார்.”

மெல்லிய குரல். மிக அருகில்.

“செருப்பு ஒட்டுனேன்.”

கையை விடுவிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அது என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இழுத்தது.

ஓர் அடி... இன்னோர் அடி... என் கால்கள் நடந்தன. நான் நடக்கவில்லை.

மழை ஓசை மட்டும்.

தட்டும் ஓசை இல்லை. எப்போது நின்றது?

விளக்கு வந்தது.

நான் தனியாக நின்றிருந்தேன். கொட்டகையின் கோடியில். பூட்டிய அறையின் முன்னால். என் வலக்கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. பிள்ளைகளின் வரிசை வெகு தூரத்தில், மறுகோடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாதப்பன் ஓடி வந்தார். “எதுக்குங்க சார் அங்க போனீங்க? நடுவுல தாறுமாறா கட்டிலெல்லாம் கெடக்குது. இருட்டுல ஒண்ணுலயும் இடிக்காம எப்படிங்க...”

“திறங்கள்.”

“நடிக்கிறானுங்க சார்.”

“தொறய்யா!”

திறந்தார்.

பிரவீன் தரையில் கிடந்தான். வாயில் நுரை. உதடு நீலம். உடல் வில்லாய் வளைந்து வெட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு; மதிய மாத்திரை பூட்டுக்கு வெளியே அலமாரியில் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அரசு மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டான்.

“வலிப்பு வந்து வெகு நேரம் ஆகியிருக்கிறது,” என்றார் மருத்துவர். “கதவைத் தட்டுகிற நிலையிலேயே அவன் இருந்திருக்க முடியாது.”

அப்படியானால், மின்சாரம் போகும் வரை நாங்கள் கேட்டது?

வராந்தாவில் என்னோடு இல்லத்தின் சமையற்காரர் லூர்துமேரி அமர்ந்திருந்தார். பிள்ளைக்குத் துணையாக வந்தவர். நடந்ததை அவரிடம் சொன்னேன். ‘செருப்பு ஒட்டுனேன்’ என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும், அவர் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

“இத யாருங்க உங்களுக்குச் சொன்னது?”

அவர் தன் காலை மெல்ல முன்னால் நீட்டினார். செருப்பின் வாருக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் பசை காய்ந்திருந்தது.

“அன்புன்னு ஒரு பையனுங்க. போன சித்திரைல. வாட்ச்மேன் சைக்கிள் டப்பால இருந்த டியூப்ப எடுத்துக் குடுத்து, ஒட்டித் தாடா கண்ணுன்னு நாந்தான் கேட்டேன். ஒட்டிக் குடுத்தான். அதப் போட்டுக்கிட்டு நான் ஊருக்குப் போயிட்டேன். அவன் கைய மோந்து பாத்துட்டு, இழுத்திருக்கான்னு உள்ள போட்டுட்டாங்க. தகரக் கூரைங்க அது... அந்த வெயில்ல. நாளெல்லாம் தட்டுனானாம். நடிக்கிறான்னு விட்டுட்டாங்க. சாயங்காலம் தொறந்தப்ப உசுரில்ல; போதையில போயிட்டான்னு எழுதி முடிச்சிட்டாங்க. செருப்புக் கதைய எங்கிட்ட யாரும் கேக்கலீங்க. நானும் இன்னிக்கி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல.”

மறுநாள் பிரவீன் கண் விழித்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று: “சொல்யூஷன் தொட்டாயா?”

“சத்தியமா இல்லீங்க சார். ரெண்டு மாசமாத் தொடல. காலைல அந்த ரூமுப் பக்கம் கூட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு அண்ணன் உள்ள நின்னுக்கிட்டு, நாளைக்கு வூட்டுக்குப் போறியாடான்னு கை குடுத்தான். நானும் குடுத்தேன். அப்புறந்தான் சார் கையில அந்த வாசம்.”

குழுமத்தின் முன் சாட்சி சொன்னேன். கை கொடுத்தவன் யார் என்பதைச் சொல்லவில்லை. பூட்டைப் பற்றி மட்டும் பேசினேன். பிரவீன் வீடு சேர்ந்தான். இல்லம் மூடப்பட்டது. மாதப்பன் மீது வழக்கு நடக்கிறது. ஒரு பேச்சாளனுக்கு இதைவிட வேறு வெற்றி வேண்டுமா?

வேண்டாம். ஆனால் என் வலக்கையில் இன்றும் அந்த வாசம் இருக்கிறது.

சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய்... எதற்கும் போகவில்லை. அன்று முதல் நான் எவருக்கும் கை கொடுப்பதில்லை, கும்பிடுவதோடு சரி.

போன வாரம் அரூரில் கூட்டம். பேசி இறங்கிய வேகத்தில், ஓடி வந்த ஒரு மாணவனுக்கு மறந்து கை கொடுத்துவிட்டேன். பதினைந்து வயதிருக்கும். மகிழ்ச்சியோடு கூட்டத்துக்குள் போனான்.

போனவன் நின்றான்.

தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டு சென்றான்... முகம் சுளித்தான்... திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் விலக்கிக்கொண்டு போவதற்குள் கூட்டம் அவனை மூடிவிட்டது. பெயர் தெரியாது. ஊர் தெரியாது.

இன்று அந்தப் பிள்ளையின் கையை யார் முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?